சனிக்கிழமைதோறும் இறுதி ஊர்வலம்

நாற்பத்தெட்டு லட்சத்து ஐம்பதாயிரம் ருபியா. தொராஜா மலைநாட்டின் முன்னேற்றம் முழுவதும் இந்தத் தொகையிலிருந்துதான் புறப்பட்டது என்று நான் சொன்னால் நீங்கள் சிரிக்கக் கூடாது. உலகத்தில் எத்தனையோ பெரிய காரியங்கள் வங்கிக் கடனில் தொடங்கியிருக்கின்றன. எங்கள் வட்டார மேம்பாடு ஒரு பன்றிக் கடனில் தொடங்கியது. கடன்காரன் நான்.

யாரோ கட்டுக்கட்டாக எண்ணிக் கொடுத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். என் அப்பாவின் சாவுச் சடங்குக்கு என் மாமனார் நே லாயுக் ஒரு பன்றியை மூங்கிலில் கட்டித் தூக்கிவந்து எங்கள் வாசலில் இறக்கினார். அதன் அன்றைய சந்தை விலைதான் மேலே சொன்னது. எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கு வரும் பன்றி இனாம் அல்ல. கொடுத்தவர் வீட்டில் சாவுச் சடங்கு நடக்கும்போது அதே அளவுப் பன்றியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். முன்னங்காலுக்குப் பின்னால் கயிறு போட்டு நெஞ்சைச் சுற்றி அளப்போம். அளவு குறைந்தால் மானம் போகும். கூடினால், கூடியது அவர்கள் தலையில் புதுக்கடனாக ஏறும். மாமனார் கொடுத்த பன்றியின் அளவைக் கயிற்றில் முடிச்சுப் போட்டு அவர் மனைவி, என் அத்தை இந்தோ ரொம்பே, அவர்கள் வீட்டு நெற்களஞ்சியத்தின் தூணில் கட்டி வைத்திருந்தாள்.

பிறகு மாமனார் நோயாளியானார். அதாவது மூச்சு நின்றது. சடங்கில் முதல் எருமை வெட்டுப்பட்டு விழும் வரை எங்களில் யாரும் இறப்பதில்லை, நோயாளிதான். அந்த நோயோடு அவர் இரண்டு வருடம் தெற்கு அறையில், உடல் கெடாமல் மருந்து ஏற்றி, துணி சுற்றிக்கொண்டு படுத்திருந்தார். அத்தை காலையில் காப்பி கொண்டுபோய் வைத்து, "ஆறிப்போச்சுன்னு மொறைக்காதீங்க, அடுப்பு எரியல" என்பாள். அவரை இறக்க வைக்க ஓர் எருமை வேண்டும். எருமை வாங்க எங்களிடம் காசில்லை. நான் பாறையில் உளி அடித்துக் கல்லறை குடைகிற கூலிக்காரன். மாமனாருக்கான குழியைக் குடைந்து முடித்துப் பலகைக் கதவும் போட்டுவிட்டேன். அது திறந்த வாயோடு காத்திருந்தது.

அப்போதுதான் எங்கள் மலைக்கு ஒளி ஏற்றப் பாக் பரிந்திங் வந்தார்.

பாக் பரிந்திங், நிலைத்த பண்பாட்டுச் சுற்றுலா வழி வட்டார மேம்பாட்டுக் குழுவின் தலைவர். குழுவின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே ஒருமுறை மூச்சு வாங்கும். நான் நாற்பது வயதுக்கு மேல் மாலை வகுப்பில் எழுத்துக் கற்றவன். முதன்முதலாக மேலிருந்து கீழ் வரை படித்து முடித்தது அவருடைய குழுவின் வண்ணத் துண்டறிக்கையைத்தான். அதனால் அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் எனக்குச் சாமி மாதிரி. குறிப்பாக, கொட்டை எழுத்தில் இருந்த இந்த வரி: 'முற்றிலும் உண்மையான சடங்கு. துளியும் நடிப்பு இல்லை.'

மாமனார் வீட்டு முற்றத்தில் பாய் விரித்துக் கூட்டம் நடந்தது. பாக் பரிந்திங் மட்டும் தான் கொண்டுவந்த நாற்காலியில் அமர்ந்தார்.

"உங்க சடங்கு எத்தனை நாள் நடக்கும்?" என்று கேட்டார்.

"வசதியப் பொறுத்துங்க. நாங்க ரெண்டு நாள்தான் நெனச்சிருக்கோம்" என்றேன்.

"ரெண்டு நாள். அப்புறம்?"

"அப்புறம் கொண்டுபோயி வெச்சிருவோம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வட்டாரத்தின் பின்தங்கிய நிலையை நேரில் பார்த்த வேதனை.

"அங்கதான் தப்பு பண்றீங்க. ஒரு ஆளு ஒரு தடவைதான் சாகறாரு. அதையும் ரெண்டு நாள்ல முடிச்சிட்டா வட்டாரம் எப்படி முன்னேறும்? நிலைத்த வளர்ச்சின்னா என்ன? தீந்து போகாம இருக்கறது. உங்க சடங்கு தீந்து போகுது."

"தீந்து போனாத்தானேங்க அது சடங்கு?" என்றாள் அத்தை.

"இந்த மனப்பான்மையத்தாம்மா நாம மாத்தணும்."

திட்டம் இதுதான். எருமையைக் குழு வாங்கித் தரும். முதல் நாள் சடங்கு முறைப்படி நடக்கும். விருந்தாளிகளை வரவேற்பதும் உடலைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவதும் சனிக்கிழமைதோறும் நடக்கும். கல்லறையில் வைக்கும் நாள் 'பின்னர் அறிவிக்கப்படும்.'

அத்தை யோசித்தாள். எருமை கொடுப்பவன் சொல்வதில் ஏதாவது நியாயம் இருக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்தாள். எருமை விழுந்தது. மாமனார் சட்டப்படி இறந்தார். சவப்பெட்டியை நெற்களஞ்சியத்தின் அடியில் மேடையில் வைத்தார்கள். அத்தை அதன் பக்கத்தில் கறுப்புத் துணி போர்த்தி உட்கார்ந்தாள்.

இங்கே ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. துண்டறிக்கையில் அதற்கு இடமில்லாமல் போய்விட்டது. புருஷன் நோயாளியாக இருக்கும் வரை பெண்டாட்டி எதையும் சாப்பிடலாம். அவன் இறந்த நிமிடத்திலிருந்து பாறைக்குள் போகும் வரை சோறு தொடக் கூடாது. சோளம், மரவள்ளிக் கிழங்கு, அவ்வளவுதான். ரெண்டு நாள் கதைதானே என்று எங்கள் முன்னோர் வைத்த விதி. குழு என்று ஒன்று வரும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

முதல் சனிக்கிழமை மூன்று பேருந்துகள் வந்தன. கடனுக்காக நான் வளர்த்து வந்த பன்றியை நானும் மூன்று பேரும் மூங்கிலில் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குள் நுழைந்தோம். அது கத்தி ஊரைக் கூட்டியது. பாக் பரிந்திங் ஒலிபெருக்கியில் தழுதழுத்தார்: "இதோ பாருங்கள். ஓர் ஏழை மருமகன், இறந்த மாமனாருக்குப் பட்ட கடனை அடைக்கிறார்."

கைதட்டல். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அழுதார். என் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். என் கடன் அடைந்ததில் என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம்.

அடுத்து ஊர்வலம். பெட்டியைத் தூக்கிக் குலுக்கிக்கொண்டு, கத்திக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் அடித்துக்கொண்டு வண்டிகள் நிறுத்துகிற திடல் வரை ஓடினோம். அங்கே ஒரு கொடிக்கம்பம். அதைச் சுற்றித் திரும்பி, மறுபடி களஞ்சியத்துக்கே வந்து மாமனாரை இறக்கி வைத்தோம்.

எல்லோரும் போன பிறகு பன்றியை அவிழ்க்கப் போனேன், அறுப்பதற்காக.

"என்ன பண்றே?" என்று பாக் பரிந்திங் ஓடி வந்தார்.

"அறுக்கணுமேங்க. அறுத்துப் பங்கு வெச்சாத்தான் கடன் கழியும்."

"அடுத்த வாரம் எதத் தூக்கிட்டு வருவே?"

நான் கயிற்றிலிருந்து கையை எடுத்தேன்.

"வளங்களை மறுபடி மறுபடி பயன்படுத்தணும்ப்பா. வீட்டுக்குக் கொண்டு போ."

அன்றிலிருந்து சனிக்கிழமை காலையில் கடனை அடைத்துவிட்டு, மாலையில் அதே கடனைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். இப்படி ஒரு வசதி எந்த வங்கியிலும் கிடையாது.

பன்றிக்குச் சுற்றுலாப் பயணிகள் வாக்களித்து லெஸ்தாரி என்று பெயர் வைத்தார்கள். எங்கள் நாட்டு மொழியில் 'நிலைத்திருப்பது' என்று அர்த்தம். அதற்குத் தீனியையும் குழுவே ஏற்றுக்கொண்டது. பேருந்துகளில் வருபவர்களுக்கு மதியப் பந்தி உண்டு. பந்தி நடத்தும் குத்தகை பாக் பரிந்திங்கின் மைத்துனருக்கு. மலைச் சிவப்பரிசிச் சோறு மலைமலையாக மிஞ்சும். கொட்டினால் மண் கெடும், லெஸ்தாரிக்குப் போடுவது 'கழிவு மேலாண்மை' என்று தீர்மானம் நிறைவேறியது. எங்கள் வட்டாரத்தில் நிறைவேறிய தீர்மானம் உடனே செயலுக்கு வந்தது அது ஒன்றுதான்.

களஞ்சியத்துக்கு எதிரில்தான் என் வீடு, அதன் வாசலில் பன்றித் தொட்டி. மேலே பரணில் நெல். கீழே பெட்டிக்குள் மாமனார். பக்கத்தில் வேகவைத்த சோளத்தோடு அத்தை. எதிரே சோற்றோடு லெஸ்தாரி. பார்க்கிற யாருக்கும் வட்டாரத்தின் வளர்ச்சி ஒரே பார்வையில் புரிந்துவிடும்.

"மாப்ள, அது என்ன சோறு? சூடா இருக்கா?" என்று ஒருநாள் அத்தை கேட்டாள்.

"லேசா ஆவி வருது அத்தை."

"மெதுவா சாப்பிடுதா, அள்ளிப் போடுதா?"

"அள்ளித்தான் போடுது."

"நானா இருந்தா மெதுவா சாப்பிடுவேன்" என்றாள்.

என் மனைவி மார்த்தா பொறுக்க மாட்டாமல், "யாரும்மா பாக்கப் போறா? இலையில மறைச்சு ரெண்டு வாய் கொண்டாரேன்" என்றாள்.

"உங்கப்பன் இங்கதான் கெடக்காரு. உயிரோட இருக்கறப்பவே நான் ஒரு வாய் கூடச் சாப்பிட்டா கண்டுபிடிப்பாரு" என்றாள் அத்தை. "நான் சோத்தத் தொட்டா அவரு போற பாதை மூடிக்கும். சோளத்தக் குடு."

மாதங்கள் போயின. அத்தையின் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. சில சனிக்கிழமைகளில் ஊர்வலம் முடிந்து நாங்கள் திரும்பும்போது அவள் தூணில் சாய்ந்து கண் மூடியிருப்பாள். 'விதவையின் ஆழ்ந்த துயரம்' என்று பாக் பரிந்திங் விளக்கம் சொல்வார். அது மயக்கம். லெஸ்தாரியைத் தூக்கவோ இப்போது ஆறு பேர் தேவைப்பட்டார்கள்.

குழுவின் ஆண்டுக் கூட்டத்துக்கு அத்தை தானே நடந்து போனாள். துணைக்கு நான். குளிரூட்டிய அறை. எங்களுக்கு ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி கொடுத்தார்கள்.

"எப்பங்க அவரக் கொண்டுபோயி வெப்பீங்க?" என்றாள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் இனிமே உங்களுக்கு மட்டும் சொந்தமில்ல. இந்த வட்டாரத்தோட சொத்து."

"சொத்துன்னா பத்திரமா உள்ள வெச்சுப் பூட்டுங்களேன்."

குழுவினர் சிரித்தார்கள். விதவையின் நகைச்சுவை உணர்வும் துண்டறிக்கையில் சேர்க்கப்பட வேண்டும் என்று ஒருவர் சொன்னார்.

"எனக்குப் பசிக்குதுங்க" என்றாள் அத்தை.

பாக் பரிந்திங் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. பெரிய மனிதர்களுக்கு யோசனை வரும்போது அப்படித்தான் வரும் போலிருக்கிறது.

"பசி" என்றார் அவர். "இதத்தான் நாம இத்தனை நாளா பயன்படுத்தாம விட்டுட்டோம். 'விதவையுடன் ஒரு வேளை.' பயணிகள் இவங்க பக்கத்துல உக்காந்து சோளம் சாப்பிடறாங்க. துக்கத்துல பங்கு எடுக்கறாங்க. தனிக் கட்டணம்."

"சோளம் தின்னுட்டு எங்க போவாங்க?" என்றாள் அத்தை.

"பந்திக்குத்தான்."

"அங்க என்ன?"

"சோறு."

அத்தை தண்ணீர்ப் புட்டியை மூடி மேசையில் வைத்தாள். 'விதவையின் உணர்வுகள் குறித்துக்கொள்ளப்பட்டன' என்று எழுதிக்கொண்டார்கள். புதிய திட்டத்தைத் தொடங்கி வைக்கவும், குழுவுக்கு இன்னும் ஐந்து வருடம் நிதி கொடுப்பதா என்று பார்க்கவும் வருகிற சனிக்கிழமை தலைநகரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாக அறிவித்தார்கள்.

"அஞ்சு வருசம்" என்றாள் அத்தை, திரும்பி நடக்கும்போது.

வீட்டுக்கு வந்ததும் தூணிலிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பன்றித் தொட்டிக்குப் போனாள். லெஸ்தாரியின் நெஞ்சைச் சுற்றிப் போட்டாள். முடிச்சு பாதி வழிதான் வந்தது. கயிற்றின் நுனியும் எட்டவில்லை.

"மாப்ள, கயிறு பத்தல."

"தெரியும் அத்தை."

"இத நீங்க எங்களுக்குக் குடுத்தா, அடுத்து நாங்க உங்களுக்குக் கடன்காரங்க. உங்க சாவுக்கு இந்த அளவுப் பன்னிக்கு நான் எங்க போவேன்?"

"நான் இப்போதைக்குச் சாகறதா இல்ல அத்தை."

"சாகறது பெரிசில்ல. இவனுங்க பொதைக்க விடணும்" என்றாள்.

சனிக்கிழமை விடிந்தது. திடல் முழுக்கப் பேருந்துகள். அதிகாரி வந்து இறங்கினார். அவர் கழுத்தில் மாலை, கையில் துண்டறிக்கை. பெட்டி தூக்குகிறவர்கள் களஞ்சியத்தடியில் கூடியபோது அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னிக்குக் கொடிக்கம்பத்துல திரும்பாதீங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நான் பக்கத்திலிருந்தவனிடம் சொன்னேன். அவன் அடுத்தவனிடம் சொன்னான். தோமினா, அதாவது சடங்குச் சொல் ஓதுகிறவர், காதில் கை வைத்துக் கேட்டுவிட்டு, "அப்ப இன்னிக்கு முழுசா ஓதணுமா? தொண்டைய நனைக்கக் கொஞ்சம் கள்ளு குடு" என்றார். ஒரு வருடமாக அவர் முதல் நான்கு அடிகளை மட்டும்தான் ஓதிக்கொண்டிருந்தார். மீதியைக் குழு நேரம் கருதி வெட்டியிருந்தது.

லெஸ்தாரியை எட்டுப் பேர் தூக்கினோம். பாக் பரிந்திங் வழக்கம்போல் தழுதழுத்தார்: "இதோ, ஓர் ஏழை மருமகன் கடனை அடைக்கிறார்." நான் இடுப்பிலிருந்து கத்தியை உருவி ஒரே வெட்டில் அடைத்தேன்.

ஒலிபெருக்கி கீச்சிட்டது. கூட்டம் ஆரவாரித்தது. தோமினா ஓதினார். தெற்கே போகும் பாதை, அதிலுள்ள ஆறு, ஆற்றைத் தாண்டும் எருமை என்று எல்லாவற்றையும் சொல்லி, மாமனாரின் பெயரைக் கூப்பிட்டு வழியனுப்பினார். அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாக் பரிந்திங் கடிகாரத்தைப் பார்த்தார்.

பெட்டி தோளுக்கு ஏறியது. கத்தல், குலுக்கல், தண்ணீர். அத்தை பின்னால் வந்தாள். மார்த்தா அவள் கையைப் பிடித்திருந்தாள். திடல் வந்தது. கொடிக்கம்பம் வந்தது. கொடிக்கம்பம் போனது.

"திரும்புங்க" என்றது ஒலிபெருக்கி. "அம்பே லெபாங், கம்பம் பின்னால போயிருச்சு. திரும்புங்க."

அம்பே லெபாங் நான்தான், லெபாங்கின் அப்பா. எனக்குக் காது கேட்கவில்லை. பெட்டி தூக்குகிறவனுக்குக் கேட்கக் கூடாது என்பது அந்த நிமிடத்தில் ஏற்பட்ட மரபு.

பாக் பரிந்திங் ஓடி வந்து எங்கள் பக்கத்தில் சேர்ந்துகொண்டார். அவருக்குப் பின்னால் அதிகாரி. அதிகாரிக்குப் பின்னால் பேருந்துக் கூட்டம் முழுவதும்.

"எதுக்குத் திரும்பச் சொல்றீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்ல சார். வழக்கமா இங்க திரும்பிருவாங்க."

"பொணத்தத் தூக்கிக்கிட்டா? திரும்பி எங்க போவாங்க?"

"வீட்டுக்கு சார்."

அதிகாரி நின்றார். துண்டறிக்கையைப் பிரித்தார். "முற்றிலும் உண்மையான சடங்கு" என்று வாய்விட்டுப் படித்தார். "துளியும் நடிப்பு இல்லை." பிறகு பாக் பரிந்திங்கைப் பார்த்தார். "இது உண்மைதானே?"

பாவம், பாக் பரிந்திங். பொய் என்று சொன்னால் நிதி போகும். உண்மை என்று சொன்னால் பிணம் போகும். மேம்பாட்டில் இத்தனை காலம் ஊறிய மனிதர் எதைக் காப்பாற்றுவார் என்று உங்களுக்கே தெரியும்.

"உண்மைதான் சார்" என்றார். குரல் தழுதழுத்தது. முதல் தடவையாக அது துளியும் நடிப்பில்லாமல் இருந்தது.

"அப்ப நீங்களும் ஒரு தோள் குடுங்க. தலைவர் இல்லையா" என்றார் அதிகாரி.

நான் நகர்ந்து இடம் கொடுத்தேன். பாக் பரிந்திங்கின் வெள்ளைச் சட்டை மேல் ஒருவன் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினான். அதுவும் மரபுதான். பாறை வரை அவர் தூக்கி வந்தார். மூங்கில் ஏணியில் மாமனார் ஏறியபோது கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவரும் அவரே. பெட்டி உள்ளே போனது. நான் பலகைக் கதவை அடித்துச் சாத்தினேன்.

கீழே கைதட்டினார்கள். இறங்கி வந்து பார்த்தால், அத்தை மட்டும் கைதட்டாமல் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "போய்ட்டு வாங்க" என்றாள். பிறகு மார்த்தாவிடம், "அரிசிய ஊற வெச்சியா?" என்றாள்.

அதிகாரிக்கு மிகவும் திருப்தி. "அடுத்து எப்ப நடக்கும்?" என்று கேட்டார்.

"அடுத்தவங்க யாராவது சாகணுமேங்க" என்றார் தோமினா.

பாக் பரிந்திங் எங்கள் ஊர்க் கிழவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். வளர்ச்சிக் கண்ணோட்டம் என்பது அதுதான். அன்று கிழவர்கள் எல்லோரும் முதுகை நிமிர்த்திக்கொண்டு, இருமாமல் வீட்டுக்குப் போனார்கள்.

சாயங்காலம் ஈரச் சட்டையோடு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் பங்கு வைத்துக்கொண்டிருந்தோம். மூங்கில் குழாய்களில் கறி வெந்துகொண்டிருந்தது. அத்தை முன்னால் ஒரு வாழை இலை. இலையில் சோறு.

"வட்டாரத்தோட வளர்ச்சியவே தூக்கிக் குழியில போட்டுட்டீங்களேம்மா" என்றார்.

அத்தை ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தாள். மெதுவாக மென்றாள். சொன்னபடியே மெதுவாகத்தான் சாப்பிட்டாள். விழுங்கி முடிக்கும் வரை அவரை நிற்க வைத்துவிட்டு, "நீங்களும் தோள் குடுத்திருக்கீங்க. உக்காந்து ஒரு வாய் சாப்பிடுங்க" என்றாள்.

"என்ன இருக்கு?"

"உங்களுக்கு சோளம் எடுத்து வெச்சிருக்கேன்."

அவர் உட்காரவில்லை.

அவர் போன பிறகு நான் கயிற்றை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் கணக்கை முடித்தாக வேண்டும். "மாமா குடுத்தது இந்த முடிச்சு வரைக்கும். லெஸ்தாரி இதப் போல ரெண்டு மடங்கு. மிச்சத்த உங்க வீட்டுக் கடனா வெச்சுக்கலாமா, இல்ல தள்ளிரலாமா? எனக்குத் தள்ளிரலாம்னுதான் தோணுது" என்றேன்.

"எதுக்குத் தள்ளணும்? முடிச்சு வரைக்கும் உங்க பன்னி. அந்தக் கடன் தீந்துது. முடிச்சுக்கு மேல இருக்கறது பூரா நான் சாப்பிடாத சோறு. அது என்னுது." இலையை முன்னால் நகர்த்தினாள். "இன்னும் ரெண்டு துண்டு போடுங்க மாப்ள."

போட்டேன். பெரியவர்கள் தலையாட்டினார்கள். கயிற்றை அடுப்பில் எறிந்தோம்.

குழுவின் ஆண்டறிக்கை இப்போது அச்சாகி வந்திருக்கிறது. எழுத்துக் கூட்டி நானே முழுவதும் படித்தேன். சுற்றுலாவால் எங்கள் வட்டாரம் இரு மடங்கு வளர்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். அதில் பொய் இல்லை. அத்தை கயிறு போட்டு அளந்ததை நானே பார்த்தவன். எங்கள் சோற்றில் குழு கொழுக்க வைத்தது மொத்தம் எத்தனை பன்றிகளை என்று எனக்குத் தெரியாது. கயிறு போட்டு அளக்க முடிந்தது லெஸ்தாரி ஒன்றைத்தான். அந்தக் கடன் தீர்ந்தது.